நாய்க்கு இன்சுலின்: எந்த சிரிஞ்ச்?

கேள்வி: 10 கிலோ ஸ்பிட்ஸ், சர்க்கரை நோய். டாக்டர் சொன்னபடி இருவேளையும் 4 யூனிட் போடுகிறோம், சர்க்கரை இறங்கவே இல்லை. குப்பியில் 40 என்று இருக்கிறது; மருந்துக்கடையில் கொடுத்தது ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

பதில் 1: அங்கேதான் கோளாறு. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கானது; உங்கள் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட்தான். அதில் 4 கோடு என்றால் 0.04 மில்லி, 40 குப்பியிலிருந்து எடுத்தால் உள்ளே போவது 1.6 யூனிட்தான். 40-க்கான சிவப்பு மூடி வாங்குங்கள். இதுவே தலைகீழாக, 100 குப்பிக்குச் சிவப்பு மூடி என்றால் 4 கோட்டில் 10 யூனிட் ஏறும், உயிருக்கே ஆபத்து. மாற்றும் முன் இதுவரை போன அளவை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் 2: முதலில் சாப்பாடு, பிறகு ஊசி, 12 மணி நேர இடைவெளி. சாப்பிடாவிட்டால் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி அதன் அடியில் குத்த வேண்டும். முடி ஈரமானால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக இன்னொரு ஊசி போடாதீர்கள். ஒரு வேளை மருந்து குறைந்தால் பாதகமில்லை, இரட்டித்தால்தான் வம்பு. ஃப்ரீசரில் உறைந்த குப்பி குப்பைக்குத்தான்.

பதில் 3: சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை வந்தால் தேனை ஈறில் தடவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். நிறைய குடிக்கிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். 'சுகர் ஃப்ரீ' பண்டங்களில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், நாய்க்கு அது விஷம்.