மோதிரம் பாம்படிலுக்கு அடங்கவே இல்ல வே!

பாளை வாசகன்: டோல்கீன் எழுதுன லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவல்ல வார டாம் பாம்படில்தான் கடவுள், அதான் போட்டவன மறைய வச்சு, ஆசை காட்டி அடிமையாக்குத அந்த மோதிரமே அவருக்கு அடங்கிப் போச்சுன்னு நேத்து ஒருத்தரு எழுதியிருந்தாரு. படிச்சதும் எரிச்சலாயிட்டு. அடங்கல வே! மோதிரத்த என்ன செய்யலாம்னு பேசக் கூடுன எல்ரோண்ட் சபையில ஒருத்தர் இதயே சொல்லும்போது மந்திரவாதி காண்டால்ஃப் அங்கனயே திருத்துதாரு, மோதிரம் மேல அவனுக்கு அதிகாரம்னு சொல்லக்கூடாது, அவன் மேல மோதிரத்துக்கு அதிகாரம் இல்ல, அம்புட்டுதான். ரெண்டும் வேற வேற.

அம்பை ஆத்துக்காரன்: எழுதுனது நான்தான், பேரச் சொல்லியே கேட்டிருக்கலாம். பாம்படில் மோதிரத்த வாங்கி கண்ணுல வச்சு பாக்காரு, சுண்டுவிரல் நுனியில மாட்டி மெழுகுவத்தி வெளிச்சத்துல பிடிக்காரு, ஆளு மறையல. அப்புறம் காத்துல சுண்டி விடுதாரு, மோதிரம் மறைஞ்சு போவுது, அதச் சுமந்து வந்த ஃப்ரோடோ அலறிட்டான். மோதிரத்தயே மறைய வச்சவருக்கு அதிகாரம் இல்லியாக்கும்?

பாளை வாசகன்: மறைய வச்சாரு, சரி. மோதிரத்த மாத்த முடிஞ்சுதா? அடுத்தவன் மேல அதுக்கு இருக்க பிடிய உடைக்க முடிஞ்சுதா? ரெண்டும் அவனால ஆவாதுன்னு காண்டால்ஃப் அதே பேச்சுல சொல்லுதாரு. படம் மட்டும் பாத்தவங்களுக்கு இது தெரியாது.

அம்பை ஆத்துக்காரன்: 2001ல வந்த படத்துல பாம்படிலே கிடையாது, படம் மட்டும் பாத்தவன் அவரப் பத்தி எப்படிய்யா பேசுவான்? போன மாசம் நான் உம்ம கட்டுரையில தப்பு சொன்னேம்லா, அந்தக் கடுப்பு இன்னும் போவல.

தென்காசி அக்கா: எனக்கு அவரப் படிக்கும்போதெல்லாம் எல்லைச்சாமி ஞாபகந்தான் வரும். தானே வகுத்துக்கிட்ட எல்லைக்குள்ள இருக்காரு, அது யார் கண்ணுக்கும் தெரியாது, தாண்டி வரவும் மாட்டாரு. எங்க ஊரு வயக்காட்டு ஓரத்து மாடன் பீடம் அப்படித்தான், எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு யாரும் கோடு போடல, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

பாளை வாசகன்: அக்கா, எல்லைச்சாமின்னா காவல் காக்கணும், கடா வெட்டலன்னா கோவப்படணும். பாம்படில்ட்ட மோதிரத்தக் காவலுக்குக் குடுத்தா மறந்துருவான், இல்ல தூக்கிப் போட்ருவான்னு புத்தகத்துலயே இருக்கு.

அம்பை ஆத்துக்காரன்: கடாவா? சாஸ்தாவுக்கு சைவப் படையல்தான் வே. பங்குனி உத்திரத்துக்கு குலதெய்வம் கோயிலுக்குப் போனதே இல்லியா?

தென்காசி அக்கா: நான் சொன்னது மாடன. சாஸ்தா சைவம், கூட நிக்க மாடனுக்குத்தான் கடா. இதுகூடத் தெரியாம சாமியப் பத்தி பேசாதீங்க தம்பி.

அம்பை ஆத்துக்காரன்: எங்க கோயில்ல மாடனுக்கும் சைவம்தான்.

பாளை வாசகன்: கடாவ விடுங்க, நான் சொன்னது அப்படியே நிக்கி. முதல் மழைத்துளியும் முதல் ஓக் விதையும் ஞாபகம் இருக்குன்னு சொல்லுத ஆளு அவன், எல்லாருக்கும் மூத்தவன், அதுக்காக கடவுளாயிருவானா, கடவுள்னா சபையில உக்காந்து அத்தன பேரு எதுக்கு மண்டையப் போட்டு உடைக்கணும், அவன்ட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்லா. டோல்கீனே 1954ல ஒரு கடிதத்துல அவன வேணும்னேதான் புதிரா விட்டேன்னு எழுதிட்டாரு. புதிருக்கு எதுக்குவே பட்டம் கட்டுதீரு? எனக்கு அவன் ஏன் பிடிக்கும்னா, அம்புட்டு பேரும் பயந்து நடுங்குன ஒரு பொருள சின்னப்புள்ள பம்பரத்தப் பாக்க மாதிரி பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுக்கான், ஆசையே இல்லாதவன மோதிரம் எத வச்சுப் பிடிக்கும்? அதிகாரம் வேணாம்னவன்ட்ட கொண்டுபோயி அதிகாரத்தக் கட்டாதீரும்.

அம்பை ஆத்துக்காரன்: எல்லாம் சரி. மோதிரத்த மறைய வச்சது யாரு?

பாளை வாசகன்: மேல எழுதியிருக்கேன், படியும்.

அம்பை ஆத்துக்காரன்: படிச்சுட்டேன். யாரு மறைய வச்சா?