லுக்கப்: ‘தேடல்’ போதாது, ‘பார்த்தெடுப்பு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். எக்செல் போன்ற விரிதாள்களில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், மேற்கோளாக உள்ள வரிகளுக்கு என் பதில் இது.

> லுக்கப் என்றால் தேடல்தானே, புதுச்சொல் எதற்கு?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விரிதாள் பாடக்குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது இடித்தது. எக்செலில் ஃபைண்ட், சர்ச் என இரண்டு செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) ஏற்கெனவே இருக்கின்றன. ‘தேடல்’ அவற்றுக்கே பத்தாது. ‘நோக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட் ஓரியன்டட்) நிரலாக்கக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

லுக்கப்பின் வேலை வேறு. பஞ்சாங்கத்தில் இன்றைய தேதியைப் பார்த்து, அதே வரியில் இருக்கிற நட்சத்திரத்தைச் சொல்கிறோமே, அதுதான். தேதி கையில் இருக்கிறது. பக்கத்தில் உள்ளதை எடுக்கிறோம். ஆகவே பார்த்தெடுப்பு. வினையாகப் பார்த்தெடு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் விளக்கவுரை வேண்டாம்.

> நெஸ்டெட் இஃப்: பின்னல் நிபந்தனை?

பின்னலில் கால்கள் பக்கம் பக்கமாகப் போகும். இது ‘இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது’ என்னும் இஃப் ஒன்றுக்குள் இன்னொரு இஃப், டப்பாவுக்குள் டப்பா. உள்ளடுக்கு நிபந்தனைக்கு என் ஓட்டு. போன மாதம் ஒரு மதிப்பெண் தாளில் ஒன்பது இஃப் கோத்த வாய்பாட்டைப் பார்த்தேன். கடைசியில் அடைப்புக்குறிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எக்செல் 2003 ஏழு அடுக்குக்கு மேல் விடாது, இதை எழுதவே முடிந்திருக்காது. 2007இல் 64 ஆக்கிவிட்டார்கள். அந்த வாய்பாட்டின் நடுவில் 70உம் 60உம் இடம் மாறியிருந்தன. 74 எடுத்த பிள்ளைக்கு 60க்கான தரம் விழுந்திருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. பார்த்தெடுப்புக்கான அட்டவணையாக எழுதியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும்.

> அப்ராக்சிமேட் மேட்ச்: தோராயப் பொருத்தம்.

இங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன். முதல் நெடுவரிசையில் பார்த்தெடுக்கும் எக்செல் செயற்கூறான விலுக்கப்பில் நான்காவது உள்ளீட்டைக் கொடுக்காமல் விட்டால் தானாக நடப்பது இதுதான், ஆகவே சொல் முக்கியம். ஆங்கிலப் பெயரே கோணல். அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? மதிப்பெண்ணுக்குத் தரம் சொல்லும் அட்டவணையின் முதல் நெடுவரிசையில் 0, 35, 50, 60, 75 என்று ஏறுவரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 59க்குத் தோராயமாக அருகில் இருப்பது 60. ஆனால் வருவது 50இன் தரம். 59.8 என்றாலும் அதேதான். கொடுத்த எண்ணைத் தாண்டாத மிகப் பெரிய எண்ணில் போய் நிற்கும், அவ்வளவுதான். இதில் தோராயம் எங்கே இருக்கிறது? அப்புறம், அந்த 0 வரியை விட்டுவிட்டு 35இல் தொடங்கினால் 20 எடுத்தவருக்குப் பிழைச்செய்தி வரும். ‘தோராயம்’ என்று படித்தவர் ஏன் என்று புரியாமல் முழிப்பார்.

முதலில் ‘கீழ்ப்படிப் பொருத்தம்’ என்று எழுதினேன். வீட்டில் வாசித்துக் காட்டியதும் “யாருக்குக் கீழ்ப்படியணும்?” என்று கேட்டார்கள். சரி, கீழ்வரம்புப் பொருத்தம். அந்த நெடுவரிசையில் நிரப்புவதும் ஒவ்வொரு தரத்தின் கீழ்வரம்பைத்தானே, அட்டவணையை எப்படிப் போடுவது என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

விலுக்கப்புக்குப் பின் வந்த எக்ஸ்லுக்கப்பில் மேல்பக்கமும், அதாவது அடுத்த பெரிய எண்ணுக்கும், போகலாம். 500 கிராம் வரை, 1000 கிராம் வரை என்று போடும் பார்சல் கட்டணத்துக்கு அது வேண்டும். அதை மேல்வரம்புப் பொருத்தம் எனலாம். கொடுத்த மதிப்பே இருந்தால்தான் எடுக்கும் எக்ஸாக்ட் மேட்சுக்குத்தான் எனக்குக் கை ஓடவில்லை. ‘துல்லியப் பொருத்தம்’ என்றால் மற்ற இரண்டும் துல்லியமில்லை என்று ஆகிவிடும். ‘நேர்ப்பொருத்தம்’ பரவாயில்லையா?