மறுமொழி: ஒத்ததிர்வு அளவுருக்கள் – வடித்தெடுத்தலா, உய்த்தறிதலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். நம் இயற்பியல் கலைச்சொல் பட்டியலில், ஒத்ததிர்வுகளின் அளவுருக்களைத் தரவிலிருந்து பெறும் வேலைக்கு (parameter extraction) என்ன சொல் வைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. ஒத்ததிர்வு என்று இங்கே சொல்வது, நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஆற்றல் பெற்று மிகச் சிறு நேரம் மட்டும் நிற்கும் கிளர்நிலையை. அதன் ‘அகலம்’ என்பது அந்த நிறை எவ்வளவு பரவி நிற்கிறது என்பது.

> கோத்தகிரி நண்பர் எழுதியது: சிதறல் தரவிலிருந்து நியூக்ளியான் ஒத்ததிர்வின் நிறையையும் அகலத்தையும் பெறுவதற்கு ‘வடித்தெடுத்தல்’ என்று வைக்கலாமே. நம் ஊரில் இலையிலிருந்து தைலம் வடிக்கிற மாதிரிதானே?

நல்ல சொல்தான், நீலகிரிக்காரர் வாயில் தானாக வருவதும்கூட. ஆனால் இங்கே பொருந்தவில்லை. தைலம் இலையில் முன்பே இருக்கிறது, யார் காய்ச்சினாலும் தைலம்தான் வரும். ஒத்ததிர்வின் நிறையோ, எந்தச் சூத்திரத்தை வைத்துப் பார்க்கிறோம் என்பதற்கேற்ப எண்ணே மாறுகிறது.

டெல்டா என்ற ஒத்ததிர்வைப் பாருங்கள். 1952-இல் சிகாகோவில் ஃபெர்மி குழுவினர் பையான் என்ற துகள்களின் கற்றையை ஹைட்ரஜன் மீது செலுத்தியபோது, ஆற்றல் கூடக் கூடச் சிதறல் மளமளவென்று ஏறியது. பிற்பாடு வந்த அளவீடுகளில், பையானின் இயக்க ஆற்றல் 190 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி அது உச்சம் தொட்டு இறங்குவதும் தெரிந்தது. அந்த மேட்டுக்கு, ஒத்ததிர்வு மேட்டின் வடிவத்தைத் தரும் பிரைட்–விக்னர் சூத்திரத்தைப் பொருத்தினால் நிறை சுமார் 1232, அகலம் சுமார் 117 என்று வரும் (எல்லாம் அதே அலகில்). அதே சிதறல் வீச்சை (amplitude) கலப்பெண் தளத்துக்கு நீட்டி, அது எந்த இடத்தில் முடிவிலியாகிறது என்று தேடினால் துருவம் (pole) என்னும் அந்த இடம் 1210-ஐ ஒட்டி நிற்கிறது. அதன் கற்பனைப் பகுதியை இரட்டித்தால் அகலம் 100. இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் பார்க்கும் மாணவர், ஒன்று அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

டெல்டாவிலாவது கண்ணுக்குத் தெரிகிற ஒரு மேடு உண்டு. 1964-இல் ரோப்பர் கண்டுபிடித்த ஒத்ததிர்வில் அதுவும் கிடையாது. மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிதறலைக் கோண உந்தம் வாரியாகப் பகுதி அலைகளாகப் பிரித்து, ஒரே ஒரு அலையின் கட்டம் (phase) ஏறுவதைக் கவனித்துத்தான் அவர் அதைச் சொன்னார். இன்றும் அதன் பிரைட்–விக்னர் நிறை 1440 என்றும் துருவம் 1370-ஐ ஒட்டியது என்றும் போடுகிறார்கள். துருவம் தரும் அகலம் சூத்திரம் தரும் அகலத்தில் ஏறக்குறைய பாதிதான். காரணம், சூத்திரத்தில் பின்னணிச் சிதறலை எப்படிக் கையாள்கிறோம், அகலத்தை ஆற்றலோடு எப்படி மாறவிடுகிறோம் என்பதெல்லாம் நம் தேர்வு. துருவம் நிற்கும் இடத்துக்கு அந்தச் சார்பு இல்லை. பையான் வழியாக வந்தாலும் ஃபோட்டான் வழியாக வந்தாலும் அதே இடம்தான்.

இத்தனை ஊகமும் கணக்கும் நடுவில் இருக்கும்போது ‘வடித்தல்’ என்பது வேலையைச் சுலபமாக்கிக் காட்டுகிறது. ‘உய்த்தறிதல்’ என்று வைப்போம் என்பது என் பரிந்துரை.

– உதகையிலிருந்து

---

> குன்னூரிலிருந்து:

அண்ணா, வடித்தெடுத்தல் வேண்டாம் என்பது சரி. ஆனால் உய்த்தறிதலில் எண்ணே இல்லையே! துப்பறிபவரும்தான் உய்த்தறிகிறார். பேச்சில் நாம் எல்லாருமே ‘டேட்டாவிலிருந்து எடுக்கிறோம்’ என்கிறோம், அதில் என்ன குறை? உங்கள் உண்மையான கவலை வினைச்சொல் அல்ல, ‘நிறை’ என்று மொட்டையாக எழுதுவதுதான் என்று தோன்றுகிறது.

---

தங்கச்சி சொல்வதை ஏற்கிறேன், பாதி வரை. பட்டியலில் தலைப்புச் சொல்லாக ‘அளவுரு உய்த்தறிதல்’ இருக்கட்டும். ‘அளவுரு’ என்று முன்னால் நின்றுவிட்டால் எண்ணும் வந்துவிடும், துப்பறிபவர் வெளியே போய்விடுவார். பாடத்தில் ஓடும் வாக்கியங்களில் ‘எடுத்தல்’ தாராளமாக வரட்டும்.

நிறை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘பொருத்து நிறை’ (சூத்திரத்தைப் பொருத்திப் பெறுவது), ‘துருவ நிறை’ என்று எப்போதும் அடையோடுதான் எழுத வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. நம் உதகை ராஜ்பவன் பகுதியில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் 560 சதுர மீட்டர் ம்யூவான் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்) தொலைநோக்கியைப் பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பட்டியலே. அங்கே பதிவாகும் ம்யூவான்கள் பெரும்பாலும் காற்றுமண்டலத்தில் பிறந்த பையான்கள் சிதைந்து வந்தவை. பையான் என்றதும் அடுத்த கேள்வி டெல்டாவில்தான் போய் நிற்கும்.

அப்புறம், துருவத்தோடு வரும் ‘எச்சம்’ (residue). ஒத்ததிர்வு எந்த வழியில் எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்பதை அதுதான் சொல்கிறது. கணிதத்தில் நிலைபெற்ற சொல் என்றாலும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் காக்கையை நினைத்துச் சிரிப்பார்கள். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் எச்சமே போகட்டும்.