மறு: ‘ரிம்’ – விளிம்பா, வட்டையா, சூட்டா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் பக்கங்கள் போயாக வேண்டும். பழைய டிராக்டருக்கு அகலமான முன்சக்கரம் மாட்டுவது பற்றிப் பர்மாவின் பெகு பக்கத்துத் தமிழ் உழவர்களுக்காக எழுதும் எட்டுப் பக்கக் கையேடு மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறது.

டயரைத் தாங்கும் இரும்பு வளையமான ‘ரிம்’முக்குத் தமிழில் என்ன எழுதுவது என்பதுதான் சிக்கல். முதலில் ‘விளிம்பு’ என்றுதான் எழுதினேன். பட்டறைக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். கழற்றிச் சாய்த்து வைத்திருந்த மாசி ஃபெர்குசன் 135 டிராக்டரின் முன்சக்கரத்தில், டயரைப் பிடித்திருக்கும் மடிந்த ஓரத்தை கிரீஸ் விரலால் தடவி, “விளிம்பு இதுதானே? அப்படியானால் முழு வளையத்துக்கு என்ன பெயர்?” என்றார். வாயடைத்துப் போனேன். ரிம்மின் அகலத்தை அந்த இரண்டு ஓரங்களுக்கும் உள்ளேதான் அளக்க வேண்டும். 6.00-16 அளவு டயருக்கு நாலரை அங்குல ரிம், அதைவிட அகலமான 7.50-16 ஏற்றுவதற்கு ஐந்தரை அங்குலம். ‘விளிம்பின் அகலம்’ என்று எழுதினால் வெளியோரத்திலிருந்து அளந்துவிட்டு, பழைய ரிம்மே போதும் என்று பெரிய டயரை ஏற்றிவிடுவார்கள்.

‘சக்கரத்தை அகலப்படுத்துதல்’ என்பதும் உதவவில்லை. இரண்டு சக்கரங்களையும் அச்சில் வெளியே தள்ளி வைப்பது என்று ஒருவர் புரிந்துகொண்டார். அது வேறு வேலை. அந்த இடைவெளிக்குத் ‘தடம்’ என்று வைத்திருக்கிறேன். ஈர வயலில் கத்திபோல் இறங்கும் ஒல்லிச் சக்கரத்துக்கு வேண்டியது பாரத்தைப் பரப்பும் டயரும் அதைத் தாங்கும் ரிம்மும்.

என் பரிந்துரை ‘வட்டை’. மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை. தாத்தா காலத்துச் சொல், இன்னும் சாகவில்லை.

நம் குழுவின் தட்டோன் ஐயா ‘சூட்டு’ என்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியின் சக்கரத்துக்குக் ‘கொழுஞ்சூட்டு’ வருவது உண்மைதான். சக்கர வளையத்தைக் குறிக்கும் இன்னொரு சொல்லான நேமியை வடசொல் என்று அவரே தள்ளிவிட்டார். பிறகு சூடு, சூட்டு, பூச்சூட்டு, சேவற்கொண்டை என்று நான்கு மடல்கள் எழுதினார். சேவற்கொண்டைக்கும் சூட்டு என்றே பெயர் என்பதை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் என் கையேட்டில் சேவல் இல்லை. மோல்மேன் அக்கா கேட்டது சரி: “சூட்டைச் சரிபார்க்கவும் என்று எழுதினால் சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற மாட்டார்களா?”

யாங்கோன் தம்பிக்கு இந்தச் சண்டையே வீண். வீட்டில் டிராக்டரையே ‘துன்செ’ என்று பர்மியச் சொல்லால் அழைக்கும் பிள்ளைகளுக்கு ரிம் என்றால்தான் விளங்குமாம். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

*

தட்டோன் ஐயாவின் மறுமொழி:

வட்டை கொச்சையாயிற்றே, தம்பி. வட்டம், வட்டில், வட்டை: எல்லாம் வளைந்ததைச் சொல்லுமே தவிர, சக்கரத்தை அணைத்து நிற்பதைச் சொல்லாது. ‘அகல்சூட்டு’ என்று ஒருமுறை அச்சில் ஏற்றிப் பாருங்கள், பழகிவிடும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.

*

குறித்துக்கொண்டேன், ஐயா. ஏழு பேரில் நால்வர் வட்டை, இருவர் ரிம், ஒருவர் தாங்கள். முதல் பக்கத்தில் மட்டும் ‘வட்டை, அதாவது ரிம்’ என்று போடுகிறேன். மற்ற இடங்களில் வட்டை.

ஐந்தாம் பக்கத்துக்கும் உதவி தேவை. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகல டயர் போட்டால் திருப்புவது கடினமாகிறது. அதற்கு ‘ஸ்டீயரிங் கனக்கும்’ என்று எழுதியிருக்கிறேன். ஸ்டீயரிங்குக்குச் சுக்கான் என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம்.