மறு: ‘கோடெக்’ என்பதற்குத் தமிழ் – பிழைச்செய்தியிலிருந்து தொடங்குவோமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘கோடெக்’ (படத்தையும் ஒலியையும் கணினித் தரவாக மாற்றி, மறுபடி மீட்டெடுக்கும் முறை) என்ற ஒரு சொல்லுக்கு இந்த இழையில் வந்துள்ள முன்மொழிவுகளைப் படித்தேன்: குறிமுறை, சுருக்குவிரி, குறியாக்கி, குறிநிரல். அகராதியில் சேர்ப்பதென்றால் நான்கையும் சேர்த்துவிடலாம். ஆனால் நாம் தமிழாக்கக் கையில் எடுத்திருப்பது காணொளித் தொகுப்பு மென்பொருள். அங்கே இந்தச் சொல் பயனரின் கண்ணில் படுவது பெரும்பாலும் கோப்பு திறக்க மறுக்கும்போதுதான். பழுது எங்கே இருக்கிறது என்று அப்போது காட்டாத சொல்லை வைத்து என்ன செய்வது?

ஆங்கில மூலத்தில் கன்டெய்னர் (படத்தின் தரவையும் ஒலியின் தரவையும் ஒன்றாக வைத்திருக்கும் உறை), கோடெக், ஃபார்மட் என்று மூன்று சொற்கள் வருகின்றன. நம் சரங்களில், அதாவது திரையில் தோன்றும் சொற்றொடர்களில், மூன்றும் ‘வடிவம்’ ஆகிவிட்டன. விளைவு, எந்தப் பழுதுக்கும் ‘ஆதரிக்கப்படாத வடிவம்’ என்ற ஒரே செய்தி. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் காணொளியை எச்.265 என்ற கோடெக் முறையில் பதிவு செய்கின்றன. அமைப்பை மாற்றினால் எச்.264 முறையில் பதிவாகும். இரண்டுக்கும் கோப்புப்பெயரின் பின்னொட்டு எம்ஓவிதான். ஒன்று திறக்கிறது, மற்றது திறக்கவில்லை. ‘வடிவம் ஆதரிக்கப்படவில்லை’ என்று படித்தவர் என்ன செய்கிறார்? பின்னொட்டை அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதிப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘வடிவம்’ என்றால் பின்னொட்டு என்றுதான் எவருக்கும் தோன்றும்.

இன்னொரு காட்சி. கோப்பைக் காலக்கோட்டில் போட்டால் ஒலியலை மட்டும் பச்சையாக நீண்டு கிடக்கிறது, படத்தின் தடம் காலியாக இருக்கிறது. மென்பொருள் கோப்பைத் திறந்துவிட்டது, உள்ளே என்னென்ன ஓடைகள் (படம், ஒலி எனத் தனித்தனித் தரவு வரிசைகள்) உள்ளன என்று படித்துவிட்டது, ஒலியைப் பிரித்தும் விட்டது. படத்தின் எச்.265 தரவைப் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதாவது கன்டெய்னரில் பழுதில்லை. கோடெக்கிலும் பாதிதான் இல்லை: இல்லாதது டீகோடர், அதாவது தரவைப் படமாகப் பிரிக்கும் பகுதி. படத்தைத் தரவாக்கும் என்கோடருக்கு இங்கே வேலையே கிடையாது. ‘கோடெக் இல்லை’ என்று மூலமே தளர்வாகச் சொல்கிறது. அந்தத் தளர்வை நாம் தமிழுக்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: கோடெக்கைக் கோடெக்காகவே விட்டுவிடலாம். மோடத்தை மோடமாக விட்டதில் தமிழுக்கு நட்டம் வந்துவிடவில்லை. சொல்லாக்க உழைப்பை, பயனர் முடிவெடுக்க வேண்டிய இடங்களில் செலவிடுவோம்.

> கன்டெய்னருக்குக் ‘கொள்கலன்’ இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது. சரக்குப் பெட்டகத்துக்கும், சேவையகங்களில் இயங்கும் டாக்கர் வகைக் கன்டெய்னர்களுக்கும் அதே சொல்தான் ஓடுகிறது. பொருள் குழம்பும் என்பது என் கவலை அன்று. தொகுப்பு மென்பொருளையும் டாக்கரையும் ஒரே திரையில் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கூட்டுச்சொல் ஆகும்போதுதான் சிக்கல். ‘கொள்கலன்மாற்றம்’ எந்தப் பொத்தானிலும் அடங்காது. அதைக் ‘கலன்’ என்று நறுக்கிக்கொள்ளலாம்: எம்பி4 கலன், எம்கேவி கலன், கலன்மாற்றம்.

‘பேழை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓசைக்காக எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் எம்பி4 கோப்பின் உள்ளேயே ‘பாக்ஸ்’ எனப்படும் அலகுகள் இருக்கின்றன. ஆப்பிளின் குயிக்டைம் கோப்புகளில் அவற்றுக்கு ‘ஆட்டம்’ என்று பெயர். ஓடைகளின் அட்டவணை இருப்பது ‘மூவ்’ என்ற பாக்ஸில். வழக்கமான எம்பி4 பதிவில் அது கடைசியில் எழுதப்படுவதால், பதிவின் நடுவே மின்சாரம் போனால் முழுக் கோப்பும் திறக்காமல் போகும். இதை விளக்கும் உதவிப்பக்கத்தில் ‘பேழைக்குள் உள்ள பெட்டி சேதமடைந்துள்ளது’ என்று எழுதிப் பாருங்கள். ‘பொதி’யும் ஆகாது: வலையமைப்புப் பாடங்களில் அது பாக்கெட்டுக்கு (அனுப்பப்படும் தரவுத் துண்டு) போய்விட்டது; காணொளி ஓடைகளிலும் பாக்கெட்டுகள் உண்டு.

அடுத்து ‘குறியாக்கம்’. இதைக் கைவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். என்கோடிங், என்கிரிப்ஷன் இரண்டுக்கும் தமிழில் இதுவே புழங்குகிறது. திரையரங்குக்குப் போகும் டிசிபி தொகுப்பை எடுத்துக்கொள்வோம். படம் ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டு எம்எக்ஸ்எஃப் கலனில் வைக்கப்படுகிறது. அதன்மேல் பூட்டும் போடுவதுண்டு. பூட்டினால் கேடிஎம் என்ற திறவுகோல் இல்லாமல் படம் ஓடாது. ஒரே கோப்பில் இரண்டு வேலையும் நடக்கிறது. ‘குறியாக்கப்பட்ட கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்றால் கடவுச்சொல்லைத் தேடுவதா, மென்பொருளைப் புதுப்பிப்பதா? என்கிரிப்ஷனுக்கு ‘மறையாக்கம்’ ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. என்கோடிங்கைக் ‘குறியேற்றம்’ என்போம். செய்யும் கருவி ‘குறியேற்றி’. டீகோடிங் ‘குறியவிழ்ப்பு’, கருவி ‘குறியவிழ்ப்பி’. ‘குறிநீக்கி’ என்றால் எதையோ அழிக்கிறது போலிருக்கிறது. தரவு அழிந்துவிடுமோ என்று பயனர் அஞ்சக்கூடும்.

> சுருக்குவிரி என்றாலே புரிகிறது. சின்னச் சொல்லும்கூட.

புரிகிறது, பாதி தவறாக. பிசிஎம் ஒலியில் சுருக்கமே கிடையாது. அதுவும் கோடெக் பட்டியலில்தான் வருகிறது. எச்.264 போன்றவை சுருக்கும்போது தூக்கியெறிந்த நுணுக்கம் விரித்தாலும் திரும்பி வராது. ‘விரி’ அந்த வாக்குறுதியைத் தருகிறது. மேலும் எச்.264 என்பது 2003-இல் வெளியான தரநிலை. எக்ஸ்264 அதன்படி வேலை செய்யும் ஒரு குறியேற்றி. முன்னதைக் ‘குறிமுறை’ என்றும் பின்னதைக் ‘குறியேற்றி’ என்றும் சொன்னால் ஆங்கிலத்தில் ‘கோடெக்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டது தமிழில் தானாகப் பிரிந்துவிடும்.

இனி எனக்கு முக்கியமான இணை: ரீமக்ஸ் (உள்ளிருக்கும் தரவைத் தொடாமல் கலனை மட்டும் மாற்றுவது), டிரான்ஸ்கோட் (தரவையே அவிழ்த்து மறுபடி குறியேற்றுவது). இவற்றைக் ‘கலன்மாற்றம்’, ‘குறிமாற்றம்’ என்று வைக்கலாம். எம்கேவி கோப்பை ஏற்காத தொகுப்பு மென்பொருளுக்காக அதை எம்பி4 ஆக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது எச்.264 படமும் ஏஏசி ஒலியும் என்றால் கலனை மட்டும் மாற்றினால் போதும். பொட்டலத்தைப் பிரித்து அதே பண்டத்தை வேறு பையில் கட்டுவது போலத்தான். பெரிய கோப்பும் வட்டின் வேகத்தில் முடிந்துவிடும், தரம் துளியும் குறையாது. கட்டளைகளால் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவியில் கோடெக் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘காப்பி’ என்று கொடுப்பது இதற்குத்தான். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் இதற்குத் தனிப் பட்டியல் உருப்படியே இருக்கிறது. குறிமாற்றமோ ஒவ்வொரு படச்சட்டத்தையும் அவிழ்த்து மறுபடி ஏற்றும். நேரம் பிடிக்கும், எச்.264-இலிருந்து எச்.264-க்கே போனாலும் தரம் கொஞ்சம் இறங்கும். இப்போது நம் மொழிபெயர்ப்பில் இரண்டு பொத்தானுக்கும் ‘மாற்று’ என்றே இருக்கிறது. சில நொடிகளில் முடிய வேண்டிய வேலைக்கு ஓர் இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டவர்கள் எத்தனை பேரோ.

இந்தப் பிரிவினைக்கு அடங்காத வழக்குகளும் உண்டு. எச்.265 ஓடையைக் கலனில் வைக்கும்போது அதற்கு நான்கு எழுத்துச் சீட்டு ஒன்று ஒட்டப்படும்: எச்விசி1 அல்லது எச்ஈவி1. காணொளியை ஓட்டிக் காட்டும் ஆப்பிளின் மென்பொருள்கள் முதலாவதைத்தான் ஏற்கும். சீட்டு மாறியிருந்தால், அதே கோப்பு விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஓடும், ஆப்பிளின் குயிக்டைம் மென்பொருளில் ஓடாது. பார்ப்பதற்குக் குறியவிழ்ப்பி இல்லாதது போலவே இருக்கும். உண்மையில் பழுது கலனின் சீட்டில், தீர்வும் கலன்மாற்றமே. விஎல்சி தன் குறியவிழ்ப்பிகளைத் தானே சுமந்து வருவதால், அங்கே ஓடுவதை வைத்துக் கோப்பு சரியென்று முடிவு கட்டக்கூடாது என்பதையும் உதவிப்பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம். கோப்பின் கலன், கோடெக் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது.

கைபேசிப் பதிவுகளில் ஒலி போகப்போகப் படத்தைவிட்டு விலகுவதற்குப் பெரும்பாலும் சீரற்ற படச்சட்ட வேகம் காரணம். அதை ‘மாறுவேகம்’, ‘நிலைவேகம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம்.

ஆக, மாற்ற வேண்டிய சரங்கள்: ‘இந்தக் கலனைப் படிக்க இயலவில்லை’, ‘எச்.265-க்கான குறியவிழ்ப்பி இல்லை’, ‘கோப்பு மறையாக்கப்பட்டுள்ளது’. மூன்றும் தனித்தனியாக நிற்கட்டும். ‘வடிவம்’ ஏற்றுமதிப் பட்டியலின் தலைப்பில் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கனத்த கோப்புக்கு மாற்றாகத் தொகுப்பில் வைக்கும் ‘ப்ராக்சி’யைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. வலையமைப்பில் வழங்கும் ‘பதிலி’யே இங்கும் பொருந்தும் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சரங்களைப் பூட்டும் முன் எழுதிவிடுங்கள்.