இருபது வரை சொல்லும் குழந்தை ஐந்து எடுத்துத் தரத் திணறுவது ஏன்?

கேள்வி:
மூன்றரை வயதாகும் என் மகள் இருபது வரை தங்குதடையின்றிச் சொல்கிறாள். ஆனால் ஐந்து புளியங்கொட்டைகளைக் கேட்டால் கை நிறைய அள்ளித் தருகிறாள். கவலைப்பட வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்த அளவைக் குறிக்கிறது என்பதை எண்ணுதலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக கெல்மன், காலிஸ்டல் ஆகிய உளவியலாளர்கள் 1978இல் வகுத்தார்கள். வரிசையை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தையும் முதலில் ஒன்றையும், சில மாதங்கள் கழித்து இரண்டையும், பிறகு மூன்றையும் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் அந்தப் புரிதலை எட்டுகிறது.

பதில் 2:
மூன்று கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தி, "ஒன்று, இரண்டு, மூன்று, மொத்தம் மூன்று" என்று சொல்லிக்காட்டுங்கள். நூறு வரை மனப்பாடம் செய்விப்பதைவிட இது எவ்வளவோ மேல். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டைகளை எட்டவிடாதீர்கள்.

பதில் 3:
இரண்டு கேட்டால் சரியாகத் தருகிறாளா?