புதுப்பிப்பு: பழைய போனுக்குப் பேட்டரி மாற்றியாச்சு

மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, புது போன் வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னவர்களுக்கு நன்றி. இப்போது இரவு வரை தாராளமாக நிற்கிறது. கழற்றிய பேட்டரி நடுவில் லேசாக உப்பியிருந்தது. திரையின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். குப்பையில் போடக் கூடாது என்பதால் பழுது பார்த்தவரிடமே கொடுத்துவிட்டேன். லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எப்போதும் 100 சதவீதத்திலேயே கிடப்பதும் ஆகாது. அதனால் 80-லேயே பிடுங்கிவிடுகிறேன் (மறக்காத நாட்களில்).

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புது போன்களுக்கு யூஎஸ்பி-சி (எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் சார்ஜிங் முனை) கட்டாயம் என்றதே, என் மைக்ரோ யூஎஸ்பி போனுக்கு அதனால் பலனில்லை. இருட்டில் கேபிளைத் திருப்பித் திருப்பிச் செருகிப் பார்க்கும் வேலை தொடர்கிறது.